தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம்: திருவிருந்து ஞாயிறில் போய்ப் பாருங்கள்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பலர் டேனிஷ் கோட்டையைச் சுற்றிவிட்டு, ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முகப்பு பார்க்க வேண்டியதுதான். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் பெயர் முத்திரையும் மேலே இருக்கின்றன. 1718 என்று ஆண்டும் பொறித்திருக்கிறது. ஆனால் மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன் சபை என்ன நம்புகிறது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு முகப்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய் முழு ஆராதனையும் உட்கார வேண்டும். அதிலும் திருவிருந்து, அதாவது அப்பமும் பாத்திரமும் பகிரும் பந்தி, உள்ள ஞாயிறாக இருந்தால் நல்லது.

எதை வைத்து மதிப்பிடுவது? அளவுகோலை லுத்தரன்களே கொடுத்திருக்கிறார்கள். 1530 ஜூன் 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் வாசிக்கப்பட்ட அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7ஆம் பிரிவு, சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு சாக்கிரமந்துகள் (ஞானஸ்நானம், திருவிருந்து) சரியாகக் கொடுக்கப்படுகிற விசுவாசிகளின் கூட்டமே சபை என்கிறது. சடங்குகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே அங்கி, மணி, மெழுகுவத்திக்கு மதிப்பெண் போட வேண்டாம். பிரசங்கமும் பந்தியும் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள்.

ஆராதனை பாவ அறிக்கையில் தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஐயர் (சபையின் குரு) எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பது. பழைய லுத்தரன் முறைப்படி, சபையோடு சேர்ந்து ஜெபிக்கும்போது அவர் பீடத்தைப் பார்த்து நிற்பார். அப்போது அவரும் நம்மோடு நிற்கிற ஒரு பாவி. பாவமன்னிப்பைக் கூறும்போதும், வேதம் வாசிக்கும்போதும், ஆசீர்வாதம் சொல்லும்போதும் சபையைப் பார்த்துத் திரும்புவார். அப்போது தேவன் கொடுப்பதை வாங்கிக் கொடுக்கிறவர். கிருபையினால் விசுவாசத்தின் மூலம் நீதிமான் ஆக்கப்படுகிறோம் என்ற உபதேசம் முழுவதும் இந்தத் திரும்புதலில் அடங்கியிருக்கிறது. பல சபைகளில் இப்போது மைக் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். ஜெபம் எது, வாக்குத்தத்தம் எது என்று சபைக்குப் பிரித்துத் தெரிவதில்லை. சின்ன விஷயம் போலத் தெரியும், இழப்பு பெரியது.

பாட்டு இரண்டு வகை. ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு ஒன்று, பல்லவி, அனுபல்லவி, சரணத்தோடு வரும் கீர்த்தனை மற்றொன்று. 18ஆம் நூற்றாண்டில் பெப்ரீசியஸ் போன்ற ஜெர்மன் மிஷனரிகள் ஜெர்மன் பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழாக்கினார்கள். பொருள் ஆழமானது, ஆனால் தமிழ்க் குறில் வரும் இடத்தில் மெட்டு நீளும், நெடில் வரும் இடத்தில் சுருங்கும். பழகாதவர் முதல் சரணத்தில் தடுமாறத்தான் செய்வார். மூன்றாம் சரணத்தில் பிடிபட்டுவிடும். ஆர்கன் வாசிக்கிறவர் அவசரப்படுத்தினால் மொத்தமும் குலையும். இந்தப் பாட்டுகளுக்கு மூச்சு விட இடம் வேண்டும்.

பிரசங்கத்தைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: கேட்டு முடித்தபின் கையில் மிஞ்சுவது கட்டளையா, வாக்குத்தத்தமா? நியாயப்பிரமாணம், அதாவது தேவனின் கட்டளை, நம் குற்றத்தைக் காட்டும். சுவிசேஷம் கிறிஸ்து நமக்காகச் செய்ததைக் கொடுக்கும். இரண்டும் வேண்டும், அதே வரிசையில் வேண்டும். "இனிமேலாவது ஒழுங்காக இருங்கள்" என்று முடிகிற பிரசங்கம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் லுத்தரன் பிரசங்கம் ஆகாது.

இனி பந்தி. இதற்காகவே வர வேண்டும் என்று சொல்வோம்.

அப்பம் வெறும் அடையாளம் என்று லுத்தரன்கள் சொல்வதில்லை. அப்பம் அப்பமாக இல்லாமல் போய்விடுகிறது என்றும் சொல்வதில்லை. அப்பத்திலும், அப்பத்தோடும், அப்பத்தின் கீழும் கிறிஸ்துவின் சரீரம் கொடுக்கப்படுகிறது என்பதே அவர்கள் போதனை. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில், அப்பம் அடையாளமே என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்கிலியோடு விவாதிக்க உட்கார்ந்தபோது, "இது என் சரீரம்" என்ற வார்த்தையை லுத்தர் சுண்ணக்கட்டியால் மேசைமேலேயே எழுதி வைத்துக்கொண்டார். கடைசிவரை அதிலிருந்து நகரவில்லை. மற்ற பல உபதேசங்களில் உடன்பட்டும், இந்த ஒன்றில் இரு தரப்பும் ஒத்துப்போகாமலே பிரிந்தன.

இயேசு திருவிருந்தை ஏற்படுத்தியபோது சொன்ன வார்த்தைகளை வாசித்து, 'தேவ ஆட்டுக்குட்டி' பாடியபின் சபையார் வரிசை வரிசையாகப் பீடத்தின் முன் போய் முழங்காற்படியிடுவார்கள். அப்பம், பிறகு பாத்திரம். இரண்டும் எல்லோருக்கும் உண்டு. "உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற" என்ற வார்த்தையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். யார் தகுதியுள்ளவர் என்ற கேள்விக்கு லுத்தரின் ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூல் தரும் விடை அதிலேயே இருக்கிறது: 'உங்களுக்காக' என்பதை நம்புகிறவர் தகுதியுள்ளவர். விருந்தாளிகள் செய்யும் வழக்கமான தவறு, முன்வரிசை எழுந்ததும் தாங்களும் எழுந்து பின்னாலேயே போய்விடுவது. திடப்படுத்தல் (விசுவாசத்தைக் கற்று அறிக்கையிட்டுத் திருவிருந்துக்குச் சேர்க்கப்படுவது) ஆகாதவர்களும் வேறு சபையாரும் ஆராதனைக்கு முன்பே ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதால் வந்த ஒழுங்கு இது. யாரையும் அவமதிக்க வைத்ததல்ல.

ஞானஸ்நானம் குழந்தைகளுக்கும் உண்டு. தலையில் தண்ணீர், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம், அவ்வளவுதான். பிள்ளை சாகும் நிலையில் இருந்து ஐயர் வர நேரமில்லை என்றால் எந்த விசுவாசியும் கொடுக்கலாம். "முழுக்கு எடுத்தால்தான் செல்லும்" என்று வெளியே கேட்டுவிட்டு வந்து மறுபடியும் ஞானஸ்நானம் கேட்பவர்களுக்குச் சபை கொடுக்காது. ஞானஸ்நானம் மனிதன் தேவனுக்குச் செய்யும் சபதம் அல்ல, தேவன் மனிதனுக்குச் செய்வது. அவர் செய்தது ஒருமுறை போதும்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலிருந்து வரும் பிள்ளைகள் திடப்படுத்தல் வகுப்பில் குழம்பும் இடம் பத்துக் கட்டளை. லுத்தரன் எண்ணிக்கையில் விக்கிரகம் பற்றிய வாக்கியம் முதல் கட்டளைக்குள் அடங்கும். இச்சியாதிருப்பது ஒன்பது, பத்து என இரண்டாகப் பிரியும். ஆகவே கொலை செய்யாதிருப்பது இங்கே ஐந்தாம் கட்டளை, அங்கே ஆறாம் கட்டளை. எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்டால் இரண்டு பிள்ளைகளும் சரியாகச் சொல்லியும் விடை மாறும். கட்டளையின் வார்த்தையைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

ஊழியம் என்ற பகுதியில் இந்தச் சபைக்கு நிகர் சொல்வது கடினம். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். 1707இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி, 1712இல் அச்சுக்கூடம். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிதாக இருந்ததால் தாள் ஏராளமாகச் செலவானது. அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. விசுவாசம் கேள்வியினால் வரும் என்றால் கேட்கிற மொழி அவரவர் தாய்மொழியாக இருக்க வேண்டும், வாசிக்கவும் தெரிய வேண்டும். பள்ளியும் அச்சும் அந்த உபதேசத்திலிருந்து நேராக வந்தவை. டேனிஷ் தளபதி சீகன்பால்கைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தும் வேலை நிற்கவில்லை.

குறையைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை ஆகாது. ஒரே பாத்திரம் என்று போதித்த மிஷனின் ஆலயங்களிலேயே சாதி பார்த்துத் தனித்தனியே உட்காரவைத்தார்கள். 1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை விட வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். பின்னால் வந்த ஜெர்மன் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனோ அதைச் சமூக வழக்கம் என்று பொறுத்துக்கொண்டது. அது சடங்கு விஷயம் அல்ல, பந்தியின் விஷயம். 7ஆம் பிரிவை வைத்து அளந்தாலே தவறு தெரியும். தலைமையிலும் தாமதம் உண்டு. தமிழரான ஆரோன் 1733லேயே குருவாக அபிஷேகம் பெற்றார். ஆனால் தமிழ் லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் பேராயராக ராஜா பி. மாணிக்கம் வந்தது 1956இல், சீகன்பால்க் கரையேறி 250 ஆண்டுகள் கழித்து.

போகிறவர்களுக்கு: மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்து வசதி உண்டு. திருவிருந்து எந்த ஞாயிறு, ஆராதனை எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நகர வாசலுக்குள் நுழைந்ததும் அதே ராஜ வீதியில் வரும் சீயோன் ஆலயம் வேறு, 1701இல் டேனியர் கட்டியது, இப்போது சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்தது; பலர் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். புதிய எருசலேம் நான்கு கைகளும் சம நீளமுள்ள சிலுவை வடிவம். ஓரக் கையில் உட்கார்ந்தால் பீடம் மறையும், நடுவில் இடம் பிடியுங்கள். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் பீடத்தருகே போனால் சீகன்பால்க், அவருடைய உடன் ஊழியர் கிருண்ட்லர் இருவரின் கல்லறைகளையும் பார்க்கலாம். ஆலயம் பிரதிஷ்டையான ஐந்து மாதத்துக்குள், 1719 பிப்ரவரியில், 36 வயதில் சீகன்பால்கை இங்கே அடக்கம் செய்தார்கள்.