டார்மவுஸ் கூட்டுக்குழாய்: கண்டுபிடிக்க நல்லது, குடிவைக்கப் போதாது

இங்கிலாந்துக் காடுகளில் ஹேசல் டார்மவுஸ் (மரமேறும், எலி போன்ற சிறு விலங்கு) இருக்கிறதா என்று அறிய விற்கும் கூட்டுக்குழாயில் இரண்டே பாகங்கள். 5 செ.மீ. சதுர வாயும் 25 செ.மீ. நீளமும் உள்ள பிளாஸ்டிக் அட்டைக் குழாய். அதற்குள் செருகும் ஒட்டுப்பலகைத் தட்டு. தட்டின் ஒரு முனையிலுள்ள மரக்கட்டை பின்பக்கத்தை அடைக்கும். மறுமுனை சுமார் 5 செ.மீ. வெளியே நீண்டு, விலங்கு கால்வைத்து ஏற இடம் தரும். வாங்கியதும் தட்டை இழுத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் காற்றில் ஆடியே நழுவி விழும்.

கிடைமட்டக் கிளையின் அடியில் இரண்டு கேபிள் டை போட்டு, ஆடாமல் கட்ட வேண்டும். கோடையில் டார்மவுஸ் தரையிறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை போகும். ஆகவே தனிமரத்தில் கட்டிய குழாய் வீண். டார்மவுஸின் குடலில் சீக்கம் (நாரைச் செரிக்க உதவும் குடல்பை) கிடையாது, இலைநார் சரியாகச் செரிக்காது. பூ, பூச்சி, பழம், கொட்டை என்று பருவந்தோறும் ஏதாவது கிடைக்க வேண்டும். ஹேசல் என்ற கொட்டை மரமும் ஹனிசக்கிள் கொடியும் பிளாக்பெர்ரிப் புதரும் பின்னிக் கிடக்கும் இடமே சரி.

பலர் சறுக்குவது எண்ணிக்கையில்தான். பத்துக் குழாய் கட்டி, ஒன்றும் வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. 20 மீட்டர் இடைவெளியில் 50 குழாய் வேண்டும். அவை கட்டியிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், டார்மவுஸ் அகப்படும் வாய்ப்பைப் பொறுத்து, புள்ளி உண்டு: ஏப்ரல் 1, மே 4, ஜூன் 2, ஜூலை 2, ஆகஸ்ட் 5, செப்டம்பர் 7, அக்டோபர் 2, நவம்பர் 2. மொத்தம் 20 சேர்ந்தால்தான் "இல்லை" என்பதற்கு மதிப்பு. 25 குழாய்தான் என்றால் புள்ளியும் பாதி. அப்போது இரண்டு பருவம் விட்டுவைக்க வேண்டும். குளிர்காலத்தில் டார்மவுஸ் தரையில், சருகுக்கடியில் உறங்கும். அப்போது குழாய் காலியாக இருப்பதில் செய்தி ஏதுமில்லை.

ஹனிசக்கிள் பட்டையை நாராக உரித்துப் பின்னி, சுற்றிலும் பச்சை இலை வைத்திருந்தால் அது டார்மவுஸ் கூடு. காய்ந்த சருகு வெறுமனே குவிந்திருந்தால் பெரும்பாலும் காட்டெலி. கீழே கிடக்கும் ஹேசல் கொட்டையும் சாட்சி சொல்லும்: டார்மவுஸ் போட்ட ஓட்டையின் உள்விளிம்பு வழவழப்பாக இருக்கும், காட்டெலி கடித்ததில் விளிம்பின் குறுக்கே பல்வரி தெரியும்.

குட்டி போட்டுப் பெருக இடம் தர வேண்டுமென்றால் மரப்பெட்டியே வாங்குங்கள். வாசல் சுமார் 35 மி.மீ., அதுவும் அடிமரத்தைப் பார்த்தபடி. குழாயில் குட்டி ஈனுவது குறைவு.

ஒரு டார்மவுஸ் தென்பட்டுவிட்டால், அதற்குப் பிறகு உரிமம் உள்ளவர்தான் திறந்து பார்க்கலாம். கணக்கெடுப்பு முடிந்ததும் குழாய்களை எண்ணி எடுத்துவிடுங்கள், கேபிள் டையையும் வெட்டி. கிளை பருக்கப் பருக்க அது பட்டையை இறுக்கும்.