சிறிய கடல்நீர்த் தொட்டிக்குச் சம்ப்பா, ரெஃப்யூஜியமா?

அறுபது, எண்பது லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டியைச் சில மாதங்கள் பராமரித்தவர்களுக்கு, பாறைகளின் மேல் பச்சை முடிபோலப் பாசி படரத் தொடங்கும் நாளில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சம்ப், ரெஃப்யூஜியம் என்ற இரு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் சம்ப் என்பது ஓர் இடம், ரெஃப்யூஜியம் என்பது ஒரு வேலை. காட்சித் தொட்டிக்குக் கீழே இருந்து தண்ணீரை வாங்கித் திருப்பி அனுப்பும் இரண்டாவது தொட்டி சம்ப். மீன்கள் மேய முடியாத ஒதுக்கிடத்தில் கடற்பாசியையும் சின்னஞ்சிறு உயிரினங்களையும் வளர்ப்பது ரெஃப்யூஜியம். பாசியே இல்லாத சம்ப்பும் உண்டு, சம்ப்பே இல்லாத ரெஃப்யூஜியமும் உண்டு. ஆகவே ஒப்பிட வேண்டியவை சம்ப் மட்டும், பின்கண்ணாடியில் தொங்கும் ரெஃப்யூஜியம் மட்டும், சம்ப்பின் ஓர் அறையில் ரெஃப்யூஜியம் என்ற மூன்று ஏற்பாடுகளே.

சம்ப்புக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது, மொத்தத் தண்ணீரின் அளவு கூடுகிறது என்பது. இது உண்மைதான், ஆனால் இதன் பலனைப் பலர் மிகையாக மதிப்பிடுகிறார்கள். 60 லிட்டர் தண்ணீரில் ஒரு நாளில் 1.5 லிட்டர் ஆவியானால், உப்பு அப்படியே தங்கிவிடுவதால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்புத்தன்மை ஏறக்குறைய 35.9 ஆகிறது. சம்ப் சேர்ந்து மொத்தம் 90 லிட்டர் ஆன பிறகு அதே அளவு ஆவியானால் 35.6தான் ஆகும். ஆனால் திறந்த நீர்ப்பரப்பு கூடி, தண்ணீர் குழாயில் விழுந்து சலசலப்பதால் ஆவியாவதும் கூடும். நாளொன்றுக்கு 2 லிட்டர் போனால் உப்புத்தன்மை 35.8ஐத் தொட்டுவிடும். கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டின் கணக்கு இன்னும் தெளிவானது. மீன்களுக்கு இடும் உணவிலிருந்து நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் நைட்ரேட் உண்டாகிறது, வாரத்துக்கு 6 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறோம், வெளியேற வேறு வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் சேரும் 420 மில்லிகிராமும் அந்த 6 லிட்டரோடுதான் வெளியேற வேண்டும் என்பதால், நைட்ரேட் இறுதியில் லிட்டருக்கு 70 மில்லிகிராம் என்ற அளவில்தான் நிலைபெறும். மொத்தத் தண்ணீர் 60 லிட்டரானாலும் 90 லிட்டரானாலும் இந்த எண் மாறாது. பெரிய அமைப்பு அந்த இடத்துக்குச் சற்று மெதுவாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். பாசித் தொல்லைக்காகச் சம்ப் வைக்கிறேன் என்பவர், அதற்குள் என்ன வைக்கப்போகிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சம்ப்பின் மெய்யான பலன்கள் வேறு. ஓவர்ஃப்ளோ எனப்படும் மேல்வழிவு வாய் வழியாகத் தண்ணீர் மேற்பரப்பிலிருந்தே இறங்குவதால் மேலே படியும் எண்ணெய்ப் படலம் நீங்கி, காற்றுப் பரிமாற்றம் சீராகிறது. ஹீட்டரும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் கண்ணுக்குப் படாத இடத்துக்குப் போகின்றன. காட்சித் தொட்டியின் நீர்மட்டம் அசைவதில்லை. ஆவியாதல் முழுவதும், தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில் மட்டுமே தெரிவதால், தானாக நன்னீர் நிரப்பும் கருவியின் சென்சாரை அங்கே பொருத்தலாம். மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் வேலை தடுமாறும் ஸ்கிம்மருக்கு, தடுப்புகளால் மட்டம் நிலையாக நிற்கும் சம்ப் அறையைவிட நல்ல இடம் கிடைக்காது.

இனி ஆபத்துக்கு வருவோம். சிறிய தொட்டியைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. மின்சாரம் நின்றவுடன் பம்ப் நிற்கிறது. ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அதே குழாய் சைஃபனாக மாறித் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் 1.8 லிட்டர். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 9 லிட்டர், குழாயில் நிற்கும் தண்ணீரோடு சேர்த்து அதற்கும் மேல், சம்ப்புக்குள் இறங்கும். அந்த அளவுக்குச் சம்ப்பில் காலியிடம் இல்லையென்றால் மீதி தரையில்தான். வாயை மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் உயர்த்திவிட்டால் இது 2 லிட்டர் அளவோடு நின்றுவிடும். திரும்பவிடாத வால்வை நம்பி இருப்பது சரியல்ல. ஒரு துணுக்குப் பாசியோ சிறு நத்தையோ போதும், அது முழுமையாக மூடாது.

தொட்டியில் துளையிட முடியுமா என்பது அடுத்த கேள்வி. சூடேற்றி உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடியில் துளையிட்டால் அது முழுவதும் நொறுங்கிவிடும் என்பதால், எந்தப் பக்கம் எந்தக் கண்ணாடி என்று உறுதி செய்யாமல் துளைக்கருவியை எடுக்கக் கூடாது. துளையிடாமல் விளிம்பில் மாட்டும் சைஃபன் ஓவர்ஃப்ளோ பெட்டிகளும் உண்டு. அவற்றில் ஒன்றை நான் ஏறக்குறைய ஓராண்டு பயன்படுத்தினேன். வளைகுழாயின் உச்சியில் காற்றுக்குமிழிகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஓர் இரவில் சைஃபன் அறுந்தது. கீழே இறங்குவது நின்றும் பம்ப் மேலே அனுப்புவதை நிறுத்தவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. பம்ப் வறண்ட அறையில் கரகரத்துக்கொண்டிருந்தது. மரத்தாங்கியின் அடிப்பலகை உப்பு நீரில் ஊறி உப்பியிருந்தது. ரிட்டர்ன் அறையில் இருக்கும் தண்ணீர் மொத்தமும் மேலே போனாலும் காட்சித் தொட்டி தாங்க வேண்டும் என்ற விதியை நான் கற்றுக்கொண்டது அந்தப் பலகையிடமிருந்துதான்.

தொங்கும் ரெஃப்யூஜியத்தில் இந்தக் கவலைகளில் பெரும்பகுதி இல்லை. ஒரு சிறு பம்ப் தொட்டித் தண்ணீரைப் பெட்டிக்குள் ஏற்றுகிறது. அது தன் எடையாலேயே விளிம்பு வழியாகத் தொட்டிக்குத் திரும்பி விழுகிறது. மின்சாரம் நின்றால், பெட்டியிலிருந்து சிறிது தண்ணீர் தொட்டிக்குள் இறங்குவதோடு சரி. உள்ளே வளரும் கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள் எந்தப் பம்பின் விசிறியையும் கடக்காமல் மீன்களிடம் போய்ச் சேர்கின்றன. குறைகளும் உண்டு. 8 லிட்டர் பெட்டி என்றால் 8 கிலோவுக்கு மேல் எடை பின்கண்ணாடியில் தொங்குகிறது. பாசித் துணுக்கு வெளிவாயை அடைத்தால் பெட்டி பின்பக்கமாக, கண்ணில் படாத சுவரோரத்தில் வழியும். வெளிவாயில் ஒரு சீப்புத் தடுப்பு வைத்து, வாரம் ஒரு முறை விரலால் துடைத்துவிட்டால் போதும்.

வளர்க்க வேண்டிய பாசி எது என்பதில் எனக்கு ஐயமில்லை: கீட்டோமார்ஃபா, சுருக்கமாகக் கீட்டோ. காலர்பா என்ற மற்றொரு பாசி வேகமாக வளரும், பார்க்கவும் அழகு; ஆனால் இனப்பெருக்க நிலைக்குப் போனால் ஓரிரவில் வெளுத்துத் தண்ணீரைக் கலக்கிவிடும். அதன் ஓர் இனம் 1984இல் மொனாக்கோ கடற்கரையில் கண்டறியப்பட்டு மத்தியதரைக் கடலில் பரவியது; 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியிலும் அது கண்டுபிடிக்கப்பட, மறு ஆண்டே அங்கு அதற்குத் தடை வந்தது. கீட்டோ எதிலும் வேர் பிடிப்பதில்லை. பச்சை நைலான் தேய்ப்பானைப் பிய்த்துப் போட்டதுபோல் ஒரு பந்தாக மிதக்கும். அதைத் தூக்கி வெள்ளைக் கிண்ணத்தில் உதறினால் ஆம்ஃபிபாடுகள் என்ற சற்றுப் பெரிய ஓட்டுடலிகள் பக்கவாட்டில் துள்ளும், கோப்பிபாடுகள் வெண்புள்ளிகளாகத் தத்தும். பந்தில் பாதியைப் பிய்த்து எறியும்போது, அதன் உடலில் சேர்ந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் தொட்டியை விட்டு உண்மையிலேயே வெளியேறுகின்றன. மேலே சொன்ன 420 மில்லிகிராம் கணக்கை மாற்றுவது இந்த அறுவடைதான். அறுவடை செய்யாத ரெஃப்யூஜியம் வெறும் அலங்காரம்.

அதன் விளக்கை இரவில் எரியவிடுவது வழக்கம். காட்சித் தொட்டி இருளில் இருக்கையில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை வெளியிட்டு பிஎச் இறங்கும். அந்நேரத்தில் கீட்டோ ஒளிச்சேர்க்கை செய்து அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் 6 லிட்டர் பெட்டியிலிருந்து பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கலாகாது. அதே காரணத்தால், சிறு பெட்டியின் கோப்பிபாடுகளை நம்பி மாண்டரின் மீன் வாங்குவதும் தவறு. நாள் முழுதும் கொத்தித் தின்னும் அந்த மீனுக்கு இவ்வளவு இடத்தில் விளைவது போதாது.

பின்பக்க அறைகளோடு வரும் தொட்டி வைத்திருப்பவர்கள் நடு அறையில் கீட்டோவை வைத்து, பின்கண்ணாடி வழியாக விளக்கைக் காட்டலாம். செலவு குறைவு, கசிவு பயமே இல்லை. இடம் குறுகல் என்பதும், முறியும் இழைகள் பம்பில் சிக்கும் என்பதும்தான் தொல்லை.

சம்ப்பின் அறையொன்றில் ரெஃப்யூஜியம் வைப்பது மூன்றிலும் முழுமையானது. இடமும் துளையிட்ட தொட்டியும் இருந்தால் நானும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் ஸ்கிம்மரையும் கீட்டோவையும் சேர்த்து ஓட்டும்போது, மீன் குறைவான தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியத்துக்கு இறங்கிவிடக்கூடும். அப்போது கீட்டோ வெளிறிக் கரையும், பவளங்கள் நிறமிழக்கும், அந்த வெற்றிடத்தில் டைனோ எனப்படும் பழுப்புச் சளி மணலை மூடும். விளக்கு நேரத்தைக் குறைப்பதோ, உணவைச் சற்றுக் கூட்டுவதோதான் அதற்கு வழி.

60 லிட்டருக்குக் குறைவான, துளையில்லாத தொட்டிக்குத் தொங்கும் பெட்டியையே சொல்வேன். அதற்கு மேற்பட்ட தொட்டிக்கு, பெரிய ஸ்கிம்மர் தேவைப்படும் அளவுக்கு மீன்கள் இருந்தால் மட்டும், துளையிட்டுச் சம்ப் அமைக்கலாம். அமைத்த அன்றே, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது சம்ப்பின் நீர்மட்டத்தில் ஒரு டேப்பை ஒட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிக் காத்திருங்கள். மட்டம் உயர்ந்து விளிம்புக்கு மூன்று விரல் கீழேயாவது நின்றால் அந்த டேப்தான் இனி உங்கள் எல்லைக்கோடு. நிற்காவிட்டால் தண்ணீரை எடுத்துவிட்டு, டேப்பைக் கீழே இறக்கி ஒட்டி, மறுபடியும் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.