சேர்வராயன் மலைச் சுனைகளை செமான்டிக் விக்கியில் ஏற்றிய ஆறு வருட அனுபவம்

சேலம், ஏற்காடு சுற்றுவட்டத்தில் இருக்கிற சுனை, ஊற்று, ஏரி, கேணி, ஓடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கலாம் என்று ஐந்து பேர் சேர்ந்து 2019இல் தொடங்கினோம். முதலில் எக்செல் தாள்தான். ஆறு மாதத்தில் அது மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு சுனைக்கு ஒரு வரி போதும் என்று நினைத்திருந்தோம், ஆனால் அந்தச் சுனைக்கு மூன்று பெயர் இருக்கும், எஸ்டேட் ஆள் ஒரு பெயர் சொல்வார், மலையாளிப் பழங்குடி மக்கள் வேறு பெயர் சொல்வார்கள், அதன் கதை ஒரு பக்கத்துக்கு நீளும், படம் வேறு. இதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் திணிக்க முடியவில்லை. அப்போதுதான் விக்கிப்பீடியா ஓடுகிற அதே மென்பொருளான மீடியாவிக்கியும், அதன் மேல் செமான்டிக் மீடியாவிக்கி என்கிற நீட்சியும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) நிறுவினோம். இன்று நானூறுக்குச் சற்று மேல் பக்கங்கள் இருக்கின்றன. இதில் இருப்பிடத் தரவை வைத்து நாங்கள் பட்டதையும் கற்றதையும் மட்டும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சாதாரண விக்கியில் "இந்தச் சுனை ஏற்காட்டில் உள்ளது" என்று எழுதினால் அது மனிதர் படிக்கும் வாக்கியம், அவ்வளவுதான். செமான்டிக் விக்கியில் அதே தகவலை ஒரு பண்பாக எழுதலாம்: உயரம் இவ்வளவு, கடைசியாகப் பார்த்த நாள் இது, இடம் இந்தப் புள்ளி. பிறகு "சித்திரையிலும் வற்றாத சுனைகளை மட்டும் காட்டு" என்று கேட்டால் விக்கியே பட்டியல் போட்டுத் தரும், வரைபடமாகவும் தரும். 2005 முதல் இருக்கிற மென்பொருள், இலவசம், திறந்த மூலம். இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டென்னி விராந்தெசிச்தான் பின்னாளில் விக்கிப்பீடியாவின் தரவுத்தளமான விக்கித்தரவையும் தொடங்கினார். அதன் எண்ணமும் இங்கிருந்து போனதுதான்.

இருப்பிடம் என்கிற தரவு வகை செமான்டிக் மீடியாவிக்கியோடு தானாக வராது. மேப்ஸ் என்கிற இன்னொரு நீட்சியைப் போட்டால்தான் வரும். முன்பு செமான்டிக் மேப்ஸ் என்று தனியாக ஒன்று இருந்தது, 2018இல் அதை மேப்ஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் படித்து இரண்டையும் தேடி அலையாதீர்கள்.

நாங்கள் செய்த முதல் தவறு, பண்புக்கு வகை சொல்லாமலேயே பக்கங்களை எழுதத் தொடங்கியது. வகை சொல்லாத பண்பை விக்கி "இது இன்னொரு பக்கத்தின் பெயர்" என்று எடுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் புள்ளிகள் எல்லாம் 11.78, 78.21 என்ற தலைப்பில் இன்னும் எழுதப்படாத பக்கங்களாக, சிவப்பு இணைப்புகளாக வந்து நின்றன. அறுபது பக்கம் ஏற்றிய பிறகுதான் கவனித்தோம். பண்பின் பக்கத்துக்குப் போய் வகையை மாற்றினோம். மாற்றியதும் சரியாகிவிடும் என்று பார்த்தால் பழைய பக்கங்கள் அப்படியே இருந்தன. சர்வரில் தரவை மறுபடி கட்டும் நிரலை ஓட்டிய பிறகுதான் வரைபடத்தில் புள்ளிகள் வந்தன. ஆகவே முதல் நாளே பண்புப் பக்கத்தை எழுதி வகையைச் சொல்லிவிடுங்கள், ஒரு பக்கம்கூட ஏற்றும் முன்பு.

அடுத்து வந்த பிழைகளில்தான் உண்மையான பாடம் இருந்தது. மூன்று வகை.

அட்சரேகை, தீர்க்கரேகை இடம் மாறுவது முதல் வகை. விக்கியில் அட்சரேகை முன்னால் வரும். வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் கேஎம்எல், ஜியோஜேசன் வகைக் கோப்புகளில் தீர்க்கரேகை முன்னால் வரும். நண்பர் ஒருவர் கைப்பேசிச் செயலியிலிருந்து கேஎம்எல் கோப்பை எடுத்து அதில் இருந்ததை அப்படியே ஒட்டிவிட்டார். ஏற்காட்டை மாற்றிப் போட்டால் வடக்கே 78 பாகை, கிழக்கே 11 பாகை சொச்சம், அதாவது நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடல். பன்னிரண்டு சுனைகள் அங்கே போய் நின்றன. இந்தப் பிழை நல்லது, ஏனென்றால் வரைபடத்தைத் திறந்த அடுத்த நொடி கண்ணில் பட்டுவிடுகிறது.

இரண்டாவது அப்படியில்லை. பழைய குறிப்பில் 11° 46' என்று பாகையும் கலையுமாக (டிகிரி, மினிட்) இருந்ததை யாரோ 11.46 என்று எழுதிவிட்டார்கள். 46 கலை என்பது பாகையில் 0.7667, ஆக சரியான எண் 11.7667. வித்தியாசம் கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர், தெற்கே. மலையுச்சியில் இருக்க வேண்டிய ஊற்று ராசிபுரம் பக்கத்துச் சமவெளியில் உட்கார்ந்திருந்தது, எட்டு மாதம். ஆர்க்டிக் கடலில் இருந்தால் பார்த்திருப்போம், ராசிபுரம் பக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மாட்டியது எப்படி என்றால், உயரத்தையும் தனிப் பண்பாக வைத்திருந்தோம். 1,000 மீட்டருக்கு மேல் உயரம் போட்டிருக்கும் பக்கங்களை வரைபடமாகக் கேட்டபோது ஒரே ஒரு புள்ளி மட்டும் மலையை விட்டு விலகித் தெரிந்தது. உயரத்தைப் பதிவதில் ஒரு வசதியும் உண்டு: மலையில் எல்லோரும் அடியில்தான் சொல்வார்கள், புத்தகத்தில் மீட்டர் இருக்கும். அளவு வகைப் பண்பில் ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்று சொல்லிவிட்டால் எதில் எழுதினாலும் விக்கி மாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது இன்னும் நுணுக்கமானது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடத் தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்கிற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. நம் கைப்பேசியின் ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்கிற வேறு கணக்கில் சொல்கிறது. பழைய தாளிலிருந்து படித்த எண்ணை மாற்றாமல் ஏற்றினால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சமவெளி ஏரிக்கு அது பெரிய விஷயமில்லை. சேர்வராயன் மலையில் நூறு மீட்டர் என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம், வேறு எஸ்டேட், சில இடங்களில் பாறைக்குக் கீழே.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். புள்ளியை மட்டும் பதிந்தால் போதாது, அந்தப் புள்ளி எப்படி வந்தது என்பதையும் பதிய வேண்டும். செமான்டிக் மீடியாவிக்கியின் இருப்பிட வகையில் துல்லியம் எவ்வளவு என்று சொல்ல இடமில்லை (விக்கித்தரவில் உண்டு). அதனால் நாங்களே மூன்று பண்புகளைச் சேர்த்தோம்: புள்ளியின் ஆதாரம், அதாவது நேரில் எடுத்ததா, பழைய தாளா, செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் குத்தியதா, யாரோ சொன்னதா. அப்புறம் எடுத்த நாள். அப்புறம் எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்ற மதிப்பு. ஆறு வருடத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதல் நாளிலிருந்தே செய்யவில்லையே என்ற வருத்தம் இப்போதும் இருக்கிறது.

துல்லியம் பற்றி இன்னொன்று. நான்கு தசம இடம் என்றால் சுமார் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர் சொச்சம். செயலி ஏழெட்டு இடம் தரும், அதை அப்படியே ஒட்டுவார்கள். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், பள்ளத்தில் நின்றுகொண்டு எடுத்தால் ஜிபிஎஸ் பத்து இருபது மீட்டர் சர்வசாதாரணமாக அலையும். நாங்கள் ஐந்து நிமிடம் நின்று, திரும்ப எடுத்து, நான்கு இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பெயரைத் தட்டினால் புள்ளியைத் தேடித் தரும் வசதியும் மேப்ஸில் உண்டு. எங்களுக்கு அது உதவவில்லை. ஏற்காடு வட்டத்தில் வேலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வேலூர் என்று கேட்டால் கோட்டை இருக்கும் வேலூருக்குத்தான் எந்தத் தேடலும் ஓடும். புதூர் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுனைப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை, அதனால்தானே இந்த வேலையே தொடங்கினோம்.

தூரத்தை வைத்துக் கேட்பது பற்றி. "இந்தப் புள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊற்றுகள்" என்று கேட்கலாம், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உள்ளே அது வட்டமாகப் பார்ப்பதில்லை, நான்கு பக்கமும் எல்லை கட்டிய சதுரமாகப் பார்க்கிறது. மூலையில் இருக்கும் இடம் நாலு கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் பட்டியலில் வந்துவிடும். சரியான தூரம் வேண்டுமென்றால் மேப்ஸில் தூரம் கணக்கிடும் செயற்கூறு ஒன்று இருக்கிறது, அதை வார்ப்புருவில் (எல்லாப் பக்கங்களும் பயன்படுத்தும் பொது அச்சில்) போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் நேர்கோட்டுத் தூரம்தான். சேலத்திலிருந்து ஏற்காடு நேர்கோட்டில் 15 கிலோமீட்டர்கூட வராது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் சாலையில் அதைப் போல இரண்டு மடங்கு. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குத் திட்டம் போடும்போது இதை மறந்து ஒருமுறை இருட்டிய பிறகு குப்பனூர்ச் சாலையில் இறங்க வேண்டியதாயிற்று.

ஏரிகளுக்கு ஒரு புள்ளி போதவில்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு எங்கே புள்ளி வைப்பது, தண்ணீர் நடுவிலா, கரையிலா? மதகு, கலிங்கு, வாய்க்கால் வந்து சேரும் இடம் என்று ஒவ்வொன்றையும் உட்பொருளாக, அதாவது பக்கத்துக்குள்ளேயே தனிப் பண்புகள் கொண்ட சிறு பதிவாக, தனித்தனிப் புள்ளியோடு அதே பக்கத்தில் வைத்தோம். அது அருமையாக வேலை செய்கிறது, எந்தக் கலிங்கு உடைந்திருக்கிறது என்று தனியாக வரைபடம் எடுக்க முடிகிறது. ஏரியின் முழு எல்லையை மட்டும் இப்படி வைக்க வழியில்லை. ஜியோஜேசன் பக்கமாக வைத்து லீஃப்லெட் (வரைபடம் காட்டும் இலவச மென்பொருள்) வரைபடத்தின் மேல் காட்டலாம், ஆனால் "இந்த எல்லைக்குள் என்னென்ன இருக்கிறது" என்று கேட்க முடியாது. அப்படிப்பட்ட கேள்விதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இது உங்களுக்கான கருவி அல்ல, கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் பக்கம் போய்விடுங்கள்.

படிவம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: படிவம் தரும் நீட்சியான பேஜ் ஃபார்ம்ஸில் பல மதிப்பு ஏற்கும் கட்டம் இயல்பாகக் காற்புள்ளியில்தான் பிரிக்கும். புள்ளிக்குள்ளும் காற்புள்ளி இருக்கிறதே! ஒரு புள்ளி இரண்டு துண்டாகிவிடும். பிரிப்பானை அரைப்புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

உட்பொருள் இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நாற்பது வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்களோடு வந்தார். ஐப்பசியில் நான் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது, "இப்ப எல்லா எடத்திலயும்தான் தண்ணி வரும். சித்திரையில வா கண்ணு, எது சுனை, எது வெறும் கசிவுன்னு அப்பத்தான் தெரியும்" என்றார். போனோம். மூன்றில் இரண்டு காய்ந்திருந்தன, மூன்றாவது முப்பது மீட்டர் கீழே இறங்கி வேறு பாறையிடுக்கில் வந்துகொண்டிருந்தது. ஒரே சுனை, இரண்டு இடம். அதிலிருந்து ஒவ்வொரு சுனைக்கும் மழைக்காலப் புள்ளி, கோடைப் புள்ளி என்று இரண்டு உட்பொருள் வைக்கிறோம். எக்செல் தாளில் இருந்திருந்தால் ஒன்றைப் பிழை என்று அழித்திருப்பேன்.

எல்லாப் புள்ளியையும் எல்லோருக்கும் காட்டலாமா என்ற கேள்வி தாமதமாகத்தான் வந்தது. சில சுனைகள் ஒரு குடியிருப்பின் ஒரே குடிநீர். சிலவற்றின் பக்கத்தில் காட்டு ஆர்க்கிட் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பதே இந்த மலையில் அவற்றுக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லும். அப்படிப்பட்ட இடங்களை இரண்டு தசம இடத்துக்குக் குறைத்தோம், சுமார் ஒரு கிலோமீட்டர் மங்கலாகும். ஆனால் விக்கியில் பக்க வரலாறு என்று ஒன்று உண்டு, பழைய துல்லியமான எண் அதில் அப்படியே இருக்கும். நிர்வாகி கணக்கில் போய் அந்தத் திருத்தங்களை மறைக்க வேண்டும். இப்போதெல்லாம் அத்தகைய இடத்தின் சரியான எண்ணை விக்கிக்குள் கொண்டுவருவதே இல்லை, நோட்டில் இருக்கிறது.

வேகம், செலவு பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்த அளவுக்குச் சின்ன வாடகை சர்வர் தாராளம். கூகுள் மேப்ஸுக்கு 2018 முதல் சாவியும் கட்டணக் கணக்கும் தேவை என்பதால் லீஃப்லெட்டும், யாரும் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமும் வைத்துக்கொண்டோம், குறை எதுவும் இல்லை. பதிப்பு மேம்படுத்தும்போது மட்டும் மீடியாவிக்கி, செமான்டிக் மீடியாவிக்கி, மேப்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் பதிப்புகளா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

புள்ளியின் ஆதாரம் "தெரியாது" என்று இருக்கும் பக்கங்களை விக்கியிடமே கேட்டுப் பட்டியல் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தொடங்கியபோது நூறுக்கு மேல் இருந்தது, இப்போது முப்பத்தேழு. அதில் ஒன்பது வெள்ளக்கடைப் பக்கம், வருகிற சித்திரையில் போகிறோம்.