கோடியக்காட்டுக்குள் கூட்டம் கூடலாமா?

தை அமாவாசைக்கு மறுநாள் காலையில் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு வண்டியில் போனால், சரணாலயக் காட்டுக்குள் நுழைந்ததுமே முதல்நாள் வந்த கூட்டம் தெரிந்துவிடும். ஈரத்துணி, சாதம் கட்டிவந்த பாலித்தீன் பை, தண்ணீர் பாட்டில். ராமரின் கால்தடம் என்று கும்பிடும் ராமர் பாதம் பக்கம் குரங்குகள் பைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும். வந்தவர்கள் யாரும் காட்டுக்குக் கெடுதல் நினைத்து வரவில்லை. கோடியக்கரைக் கடலில் ஆதிசேது என்னும் துறையில் முழுக்குப் போட்டு, போய்ச்சேர்ந்த அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வந்தவர்கள். எங்கள் வீட்டிலும் அதற்குத்தான் போகிறோம்.

இப்போது வேறு கேள்விகளும் வருகின்றன. இந்தக் காட்டுக்குள் அதிகாலை ஓட்டப்பந்தயம் நடத்தலாமா, கடற்கரையில் இசை நிகழ்ச்சி வைக்கலாமா, கல்லூரிப் பிள்ளைகளுக்கு முகாம் போடலாமா என்கிறார்கள். ஊரில் இதற்கு நான்கு விதமான பதில்களைக் கேட்கிறேன். யாரையும் விடக்கூடாது என்பது ஒன்று. காலங்காலமாக நடப்பதுபோல் நடக்கட்டும் என்பது இன்னொன்று. அனுமதிச்சீட்டு கொடுத்து அளவோடு விடலாம் என்பது மூன்றாவது. சரணாலய எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும் என்பது நான்காவது. நான் நான்காவது பக்கம் சாய்கிறவன். ஆனால் எல்லா நிகழ்ச்சிக்கும் அதையே சொல்ல மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கோடியக்கரை 1967-ல் சரணாலயமானது. அப்போது சுமார் 17 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. உள்ளே நிலபுலன் உரிமை உள்ளவருக்கும், பொதுச்சாலை வழியே கடந்து போகிறவருக்கும் விலக்கு உண்டு. அதே பிரிவு, விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தடுக்கிறது. எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்பதை 28-ஆம் பிரிவு சொல்கிறது: வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல். 2022-ல் வந்த திருத்தம் படப்பிடிப்பையும் சேர்த்தது, வாழிடத்துக்குக் கெடுதல் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. பந்தயம், கச்சேரி, மாநாடு எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கேட்கிறவர்கள் எல்லாவற்றையும் 'சுற்றுலா' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். வழக்கே அங்கேதான்.

முழுத்தடை கேட்பதற்கு நன்றாக இருக்கும். மானுக்கு அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் கோடியக்கரை ஆளில்லாத காடு இல்லை. மீனவர் ஊர் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து மாசி, பங்குனி வரை வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் பார்க்கிறார்கள். அமாவாசை முழுக்கைத் தடுத்தால் ஊரே வனத்துறையை எதிரியாகப் பார்க்கும். அப்புறம் காட்டில் தீ பிடித்தால் ஓடிவந்து சொல்ல ஆள் இருக்காது.

எல்லாரையும் விட்டுவிடு என்பதற்கு நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. முதல் பத்தியில் இருப்பதே போதும்.

அனுமதிச்சீட்டு முறைதான் நிறையப் பேசவேண்டியது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும்: இத்தனை பேர், இத்தனை வண்டி, ஒலிபெருக்கி இல்லை, முன்பணம் கட்டவேண்டும். ஆனால் எந்த மாதம் என்ற கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஐப்பசி பிறந்தால் பூநாரையும், கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையும் வந்து இறங்கும். பங்குனி வரை இருக்கும். ஆமை முட்டையிடக் கரையேறுவதும் தை, மாசி, பங்குனியில்தான். பொரித்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் நடக்கும். இருட்டான கரையில் அந்த வெளிச்சம் கடல். கரையில் ஒரு மேடை விளக்கு எரிந்தால் குஞ்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். வெயில் காலத்தில் பறவை போயிருக்கும், ஆனால் குட்டைகள் வற்றி வெளிமான் தண்ணீருக்கு அலையும். வெளிமான் குட்டி பிறந்த முதல் சில நாட்கள் புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். தாய் தள்ளி நின்று மேயும். ஐந்நூறு பேர் சத்தமாக ஓடிப்போனால் தாய் மிரண்டு ஓடிவிடும், குட்டி நரிக்கு இரையாகும். ஆக, பந்தயத்துக்கென்று ஒரு நல்ல மாதத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒலிபெருக்கியிலும் ஒரு சிக்கல். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாவுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த நேரக்கணக்கு மனிதர் தூக்கத்தை வைத்துப் போட்டது. பகலில் சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காட்டுக்குள் ஒலிபெருக்கிக்கு நேரம் பார்க்காமல் மொத்தமாகவே தடை வேண்டும்.

இனி வெளியே வைப்பது. 'எல்லைக்கு வெளியே என்றால் யார் வருவார்கள்?' என்று கேட்கிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்ததை, வருடாவருடம் நடைப்பயணமாக வந்து நினைவுகூர்கிறார்கள். நினைவுத்தூண் காட்டுக்கு வெளியே, அகஸ்தியம்பள்ளியில். அதற்காக ஒரு மானும் மிரளவேண்டியதில்லை. திருவாரூர் மாவட்டத்தில் இன்னும் நல்ல உதாரணம் முத்துப்பேட்டை. ஜாம்பவானோடை தர்கா கந்தூரிக்கு எவ்வளவு கூட்டம் வந்தாலும் அது ஊரோடு நின்றுவிடும். அலையாத்திக் காடு அங்கிருந்து படகில் போகவேண்டிய தூரத்தில் இருக்கிறது. படகு எத்தனையோ, ஆள் அத்தனைதான். எண்ணிக்கைக்குத் தனியாக விதி எழுத வேண்டியதே இல்லை. கோடியக்கரைக்கு அந்த வசதி கிடையாது. தார்ச்சாலை கடல் வரை போகிறது.

வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் வேறு கதை. இரண்டும் 2022-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயங்கள்; ஆனால் அடிப்படையில் பாசன ஏரிகள். சுற்றிலும் வயலும் ஊரும் கோயிலும். அங்கே கூட்டத்தை எல்லைக்கு வெளியே அனுப்பினாலும் கரைக்கு அந்தப் பக்கம்தான் போகும். அங்கே இடத்தைவிட வெடியும் மைக்செட்டும்தான் பிரச்சினை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. அதை எந்த அதிகாரியும் போய் அமல்படுத்தவில்லை, ஊரே முடிவெடுத்தது.

என் கணக்கு இப்படி. அந்த இடத்தில்தான் நடக்கமுடியும் என்றால் உள்ளே, அளவோடு. வேறெங்கும் நடத்தலாம் என்றால் வெளியே. ஆதிசேது முழுக்கை வேறு கரைக்கு மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை வேதாரண்யத்திலிருந்து உப்பளச் சாலையில் ஓடலாம். இசை நிகழ்ச்சிக்கு நகரத்தில் திடல் இருக்கிறது.

முழுக்குக்கு வருகிறவர்களையும் இன்றுபோல் விடவேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசைக்குத் தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்தி அரசுப் பேருந்தில் ஏற்றிச்செல்கிறார்கள். இங்கே அது இன்னும் சுலபம். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதை வந்துவிட்டது. ரயிலில் வருகிறவர் அங்கே இறங்கட்டும், காரில் வருகிறவர் அங்கே நிறுத்தட்டும், மேற்கொண்டு பேருந்து. ஏறும் இடத்திலேயே பாலித்தீன் பையை வாங்கிக்கொண்டு துணிப்பை கொடுக்கலாம். நடுவழியில் நிறுத்தம் வேண்டாம். ராமர் பாதத்தில் மட்டும் நிற்கட்டும். மறுநாள் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அன்றைக்கே கூலி கொடுத்துவிட வேண்டும்.

பறவை பார்க்கிற எங்களுக்கும் இதே விதிதான். கணக்கெடுப்பு நாளில் நாற்பது பேராகச் சேற்றோரம் போய் நின்றால், உள்ளானுக்கு நாங்களும் கூட்டம்தான். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகப் போகலாம். வருகிற தை மாதத்திலிருந்து அப்படித்தான் போவதென்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.