அப்பா பேர்ல வந்த லைட் பில்

சவுத் ஆஃப்ரிக்கா டர்பன்ல, அம்மா வீட்டுல ரெண்டு வாரம் இருந்துட்டு வந்தேன். காவடி, கோயில், அம்மா வெச்ச மீன் குழம்பு எல்லாம் எப்பவும் போலதான், அத விடுங்க. நான் எழுத வந்தது ஒரு லைட் பில்லப் பத்தி.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சரிப்பட்டு வரல. மூணு வருஷம் முன்னாடியே அவரு நாங்க இருந்த இங்கிலாந்து லெஸ்டர் ஊர விட்டுட்டு, டர்பன் ஃபீனிக்ஸ் ஏரியால இருக்கிற வீட்டுக்கே நிரந்தரமா போயிட்டாரு. கல்யாணம் ஆனது டர்பன்ல, ரெண்டு பேருக்கும் சவுத் ஆஃப்ரிக்கா பாஸ்போர்ட், அப்போ வந்த கையோட டிவோர்ஸ் கேஸயும் போட்டுட்டுப் போயிடலாம்னு ஒரு லாயர் ஆபீஸுக்குப் போனேன். முன்னாடி இருந்த பொண்ணு, "ஆன்டி, அட்ரஸுக்கு ப்ரூஃப் வேணும், லைட் பில் கொண்டாங்க"ன்னுச்சு. டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கிற அம்மா வீட்டு பில்லு இன்னும் அப்பா பேர்லதான் வருது, அப்பா போயி ஒம்பது வருஷம். "அப்படின்னா உங்கம்மா அஃபிடவிட் குடுக்கணும்". எழுபத்தி நாலு வயசுல அம்மா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாங்க, அங்க போலீஸே அஞ்சு நிமிஷத்துல அஃபிடவிட்டுல சீல் குத்திக் குடுத்துட்டாங்க, ஒரு சென்ட் வாங்கல! இங்க லெஸ்டர்ல சொலிசிட்டர்னு சொல்ற லாயருங்க ஒரு சத்தியத்துக்கு அஞ்சு பவுண்டு, கூட வெக்கிற ஒவ்வொரு பேப்பருக்கும் ரெண்டு பவுண்டு வாங்குறாங்க.

மறுநாள் போனா, "லாயர் ஜஸ்ட் நவ் வருவாரு". அந்த ஊருல ஜஸ்ட் நவ்னா இப்பவே இல்ல, எப்பவாவதுன்னு அர்த்தம்; இங்கிலாந்துல பதினொரு வருஷம் இருந்ததுல அதுவே மறந்துடுச்சு பாருங்க, ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தேன். வந்தவரு பில்லப் பாத்துட்டு, "நீங்க இருக்கிறது லெஸ்டர்லதானே, இது எதுக்கு?"ன்னாரு.

சவுத் ஆஃப்ரிக்காவோட 1979 டிவோர்ஸ் ஆக்ட்படி பாஸ்போர்ட்டயும் தாலி கட்டின எடத்தயும் கோர்ட்டு பாக்காதாம். கேஸ் போடுற அன்னைக்கு புருஷன் பெண்டாட்டியில ஒருத்தராவது அந்த கோர்ட்டு ஏரியால டொமிசைலா இருக்கணும், இல்ல அங்க வழக்கமா குடியிருந்து, அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது நாட்டுல குடியிருந்திருக்கணும். அம்மா வீட்டுல ரெண்டு வாரம் சாப்பிட்டுத் தூங்கினது குடியிருப்பு ஆகாது. டொமிசைல்னா ஒரு எடத்துல நிலையா தங்கிடணும்னு இருக்கிற எண்ணமாம். நானோ வருஷா வருஷம் "அடுத்த வருஷம் வந்துடுறேம்மா"ன்னு சொல்றவ! லாயர் சிரிச்சாரு, அத வெச்சு வாதாடலாம்தான், ஆனா தேவையே இல்ல, உங்க வீட்டுக்காரர் ஃபீனிக்ஸ்ல இருக்காருல்ல, அவரு அட்ரஸே போதும்னுட்டாரு.

அப்போ அம்மாவ எதுக்கு ஸ்டேஷனுக்கு இழுத்தேன்?

இன்னொண்ணும் சொன்னாரு. இங்கிலாந்துல ஒரு வருஷத்துக்கு மேல குடியிருக்கிறதால நான் இங்கயும் போடலாமாம். 2022 ஏப்ரல்ல இருந்து இங்க யார் மேலயும் தப்பு சொல்ல வேண்டியதில்ல, கேஸ் ஆரம்பிச்சு இருபது வாரம் காத்திருக்கணும், அப்புறம் இன்னொரு ஆறு வாரம், அவ்வளவுதான். ஆனா சொத்து விஷயம் வேற. நாங்க காண்ட்ராக்ட் எதுவும் போடாம கட்டிக்கிட்டதால அங்க எல்லாமே பொதுச் சொத்து, ஆளுக்குப் பாதி. இங்க ஜட்ஜ் யாருக்கு என்ன தேவைன்னு பாத்து பிரிப்பாரு. ரெண்டு நாட்டுலயும் கேஸ் போட்டா முதல்ல போட்ட கோர்ட்டுதான் விசாரிக்கும்ங்கிறது ஐரோப்பாக் கேஸ்களுக்கு இருந்த ரூல், அதுவும் இங்க 2020 கடைசியோட போச்சு, டர்பனுக்கு அது எப்பவுமே கெடையாது. ரெண்டு பக்கமும் கேஸ் விழுந்தா எந்த ஊரு பொருத்தம்னு இங்க கோர்ட்டு பாக்குமாம்.

எங்க போடுறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. நேத்து அம்மா போன், "அந்த லைட் பில்ல நீயே எடுத்துட்டுப் போயிட்டியா? கட்டணும்டி."