அரிய ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பு: எளிய எழுத்தா, ஒலிப்பதிவா, குறியீடா?

‘எபிடோம்’ என்றுதான் பல வருடங்கள் மனதுக்குள் படித்து வந்தேன். ஒரு குணத்துக்கே இலக்கணமாக நிற்பவர் என்ற பொருள் தெரியும். அது ‘இபிட்டமி’, நான்கு அசை, இரண்டாவதில் அழுத்தம் என்பது அகராதியில் உச்சரிப்பைத் தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பேச்சில் அபூர்வமாக வரும் சொற்களைப் பொருளோடு மட்டும் கற்றால் இப்படித்தான் ஆகும்.

உச்சரிப்பைக் காட்ட அகராதிகளில் மூன்று வழிகள் உண்டு. தெரிந்த ஆங்கில எழுத்துகளிலேயே சொல்லை அசை பிரித்து எழுதுவது ஒன்று. புதிதாக எதையும் கற்க வேண்டாம், பார்த்ததும் படிக்கலாம். ஆனால் ‘டி’யும் ‘ஹெச்’சும் சேர்ந்தால் அது ‘திங்க்’கில் வரும் காற்றொலியா, ‘திஸ்’ஸில் வரும் அதிரும் ஒலியா? அகராதிக்கு அகராதி வழக்கம் மாறும். அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

ஒலிப்பதிவு அதைவிட நல்லது. கப்பல் வந்து அணையும் மேடைக்கான ஆங்கிலச் சொல்லை (quay) எழுத்துப்படி ‘க்வே’ என்று படிக்கத் தோன்றும். ‘கீ’ என்று ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது. பிரிட்டனில் ‘லெஃப்டெனன்ட்’, அமெரிக்காவில் ‘லூடெனன்ட்’ என்பது போன்ற வேறுபாடும் இரண்டு பதிவுகளைக் கேட்டால் உடனே விளங்கும். சிக்கல் நம் காதில்தான் இருக்கிறது. அது பழகிய ஒலியாகவே எதையும் கேட்டுக்கொள்ளும். ‘அபவுட்’டின் தொடக்கத்தில் வரும் மெலிந்த உயிரொலியை முழு அகரமாகக் கேட்டு, அப்படியே அழுத்திச் சொல்லிவிடுகிறோம்.

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு, அதாவது ஒவ்வோர் ஒலிக்கும் தனிக் குறி தரும் பன்னாட்டு ஒலிக் குறியீட்டுக்கே. 1886-இல் பாரிசில் தொடங்கிய சங்கம் வளர்த்தெடுத்த முறை இது. பிரிட்டிஷ் ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் தன் உச்சரிப்பு அகராதியை 1917-இல் இதில்தான் தந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தன் பழைய குறியீட்டைக் கைவிட்டு இதற்கு மாறியது. ஆங்கிலத்துக்கு ஏறக்குறைய 44 ஒலிகள். குறிகளில் பாதிக்கும் மேல் நாம் அறிந்த எழுத்துகளே, மீதி சில நாள் வேலை.

கோணலாகிப் போனதைச் சொல்லும் ‘அரை’ (awry) என்ற ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். எழுத்தைப் பார்த்தால் ‘ஆரி’ என்றுதான் வாய் வரும். குறியீட்டில் முதலில் தலைகீழான ஆங்கில ‘e’ எழுத்து, அதாவது ‘அபவுட்’டில் வந்த அந்த மெலிந்த ஒலி. அடுத்து மேலே சிறு கோடு. அழுத்தம் அதன் பின்னால் வரும் ‘ரை’க்குத்தான். ‘ஆரி’க்கு அங்கே இடமே இல்லை.