ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு எம்ஐடி ஆப் இன்வென்டர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கோட் எழுதிப் பழக்கமில்லாத அணி ஒரே செமஸ்டரில் ஆண்ட்ராய்டு ஆப் செய்து வைவாவில் காட்ட வேண்டும் என்றால், பெரும்பாலும் போய் நிற்கும் இடம் எம்ஐடி ஆப் இன்வென்டர். 2010-ல் கூகுளில் பிறந்தது, 2012 முதல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்துகிறது, முழுக்க இலவசம். பிரவுசரைத் திறந்து, ஒரு பக்கம் பட்டன்களை அடுக்கி, மறு பக்கம் வண்ண பிளாக்குகளை ஒன்றோடொன்று பொருத்தினால் ஆப் தயார். மாணவர் ப்ராஜெக்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் இந்தக் கருவி மிச்சப்படுத்தித் தரும் நேரத்தைப் பல அணிகள் எட்டாவது ஸ்கிரீன், ஒன்பதாவது ஸ்கிரீன் என்று கொட்டித் தீர்த்துவிடுகின்றன. அந்த நேரம் ஆப்பைப் பயன்படுத்தப்போகிறவர் கையில் போனைக் கொடுத்து, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்ப்பதற்குப் போக வேண்டும்.

பேச வசதியாக ஒரே ஒரு ப்ராஜெக்டை எடுத்துக்கொள்வோம். வயதானவர்களுக்கு மாத்திரை நினைவூட்டும் ஆப், ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் யாராவது ஒரு பேட்ச் எடுக்கும் தலைப்பு.

முதல் நாள் அனுபவத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். போனில் ஆப் இன்வென்டரின் துணை ஆப்பான கம்பேனியனைப் போட்டு, திரையில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், லேப்டாப்பில் செய்கிற மாற்றம் அப்போதே போனில் தெரியும். ஒரு பட்டனைப் பெரிதாக்கிப் பார்க்க பில்ட் செய்து காத்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் கல்லூரி வைஃபைதான். ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பல கல்லூரிகளில் தடுத்து வைத்திருப்பார்கள். அதோடு மல்லுக்கட்டாமல், போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்த்துவிடுங்கள்.

கம்பேனியனில் ஓடுகிறது என்பதற்காக ஆப் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாத்திரைப் பட்டியலை டைனிடிபியில், அதாவது போனுக்குள்ளேயே விவரம் வைக்கும் பகுதியில், சேமிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் போனில் ஏற்கெனவே நாலைந்து மாத்திரை ஏறியிருக்கும், எல்லாம் சரியாகத் தெரியும். அதையே ஏபிகே, அதாவது போனில் நிறுவும் கோப்பு, ஆக்கி வேறொருவர் போனில் போட்டதும், திறந்த நொடியே எர்ரர்: பட்டியலிலிருந்து எடுக்கும் பிளாக் தனக்கு வந்த மதிப்பை ஏற்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. புதிய போனில் டைனிடிபி காலி. சேமித்ததை எடுக்கும் கெட்வேல்யூ பிளாக்கில் 'டேக் (சேமித்த பெயர்) இல்லாவிட்டால் என்ன தர வேண்டும்' என்ற இடத்தில் இயல்பாக இருப்பது வெற்று எழுத்துச் சரம். அங்கே காலிப் பட்டியல் பிளாக்கைப் பொருத்த வேண்டும். பட்டியலின் நீளம் 0 என்றால் 'இன்னும் மாத்திரை எதுவும் சேர்க்கவில்லை' என்று ஒரு வரி காட்டி, கீழே சேர்க்கும் பட்டனை வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் வைவா அன்று எக்ஸ்டர்னலின் போனில் இது வெடித்தால் அந்த ஐந்து நிமிடம் அங்கே கிடைக்காது. ஆகவே வாரத்துக்கு ஒரு முறையாவது ஏபிகே எடுத்து, அந்த ஆப்பையே பார்த்திராத ஒரு போனில் போட்டுப் பாருங்கள்.

பயன்பாட்டு எளிமை என்று பார்த்தால், கருவி தரும் இயல்பு அமைப்புகள் முதியவர்களுக்கு ஏற்றவை அல்ல. எழுத்தளவு 14 என்று வரும். 20-க்குக் குறையாமல் வையுங்கள். ஸ்கிரீன் அமைப்புகளில் பெரிய எழுத்துக்கும் அதிக வண்ண வேறுபாட்டுக்கும் தனித்தனி டிக் உண்டு, இரண்டையும் போடுங்கள். தொடும் பகுதி 48 அலகுக்குக் குறையக் கூடாது என்பது ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல்; நடுங்கும் விரலுக்கு 64 கொடுத்தால் நல்லது. தமிழில் பெயர் வைக்கும்போது பட்டன் உயரத்தை ஒரே எண்ணில் பூட்டாதீர்கள். 'மாத்திரை சேர்க்க' என்பது சிறிய திரையில் இரண்டு வரியாக மடங்கும், பூட்டிய உயரத்தில் இரண்டாவது வரி மறைந்துபோகும். உயரத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டு, அகலத்தை 'ஃபில் பேரண்ட்' ஆக்குங்கள். லேப்டாப்பில் தெரியும் மாதிரித் திரையை மட்டும் பார்த்துவிட்டு வடிவமைப்பு முடிந்தது என்று சொல்ல முடியாது.

பேக் பட்டன் இன்னொரு கண்ணி. ஸ்கிரீன் எண்ணிக்கை ஏற ஏறப் ப்ராஜெக்ட் கனத்துப்போகும் என்பதால், அனுபவப்பட்டவர்கள் ஒரே ஸ்கிரீனில் இரண்டு மூன்று அரேஞ்ச்மென்ட்டுகளை (பட்டன், எழுத்து எல்லாம் அடுக்கும் பெட்டிகளை) வைத்து, ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்துப் பக்கங்கள்போல ஓட்டுவார்கள். நல்ல முறைதான். ஆனால் ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை அது ஒரே பக்கம். பாட்டி 'சேர்க்க' பக்கத்திலிருந்து திரும்ப பேக் அழுத்தினால் ஆப்பே மூடிக்கொள்ளும். 'பேக் பிரெஸ்டு' நிகழ்வை எடுத்து, எந்த அரேஞ்ச்மென்ட் தெரிகிறது என்று பார்த்து, முதல் பக்கத்துக்குக் கொண்டுவர நாலு பிளாக் போதும். தனித்தனி ஸ்கிரீனாகச் செய்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி: திரும்பி வர 'குளோஸ் ஸ்கிரீன்' போடாமல், மறுபடியும் முதல் ஸ்கிரீனை 'ஓப்பன்' செய்வார்கள். ஸ்கிரீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கொஞ்ச நேரத்தில் போன் திணறும்.

மாத்திரை நேரத்தை எப்படிக் கேட்பது என்பதில்தான் இந்த ப்ராஜெக்டின் உயிர் இருக்கிறது. பெரும்பாலான அணிகள் டைம் பிக்கரை இழுத்துப் போட்டுவிடும். கடிகார முகப்பைச் சுழற்றி மணி, நிமிடம், ஏஎம், பிஎம் தேர்ந்தெடுப்பது எழுபது வயதுக்காரருக்குப் பெரிய வேலை. நம் ஊர் மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதுவது 1-0-1. காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் உறை மேல் எழுதித் தருவதும் காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்றுதான். அந்தச் சீட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே திரை இருக்கட்டும்: மூன்று பெரிய பட்டன், அழுத்தினால் நிறம் மாறும், அடியில் முன் அல்லது பின். தட்டச்சு வேண்டிய இடம் மாத்திரையின் பெயர் ஒன்றுதான். இதை யாரும் லேபில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. சீட்டும் கையுமாக இருக்கும் ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்தால் தெரிந்துவிடும்.

சோதனையை அப்படித்தான் செய்ய வேண்டும். ஐந்து பேர் போதும். 'பாட்டி, டாக்டர் இந்த மாத்திரையை 1-0-1னு எழுதியிருக்காரு. இதுல ஏத்திக் காட்டுங்க' என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 'அங்க இல்ல, இங்க அழுத்துங்க' என்று சொன்ன நொடியே அந்தச் சோதனை வீண். ஒருவர் குறிப்பெடுக்கட்டும்: முடித்தாரா, எத்தனை நொடி, எங்கே விரல் நின்றது. கண்டதைத் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் மறுபடி கொடுங்கள். ரிப்போர்ட்டில் நண்பர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி '90% பேருக்குப் பிடித்தது' என்று போடுவதைவிட, 'ஐந்தில் மூன்று பேர் சேமி பட்டனை அழுத்தாமலே வெளியேறினர். ஆகவே பட்டனை எடுத்துவிட்டுத் தானாகச் சேமிக்கும்படி மாற்றினோம்' என்ற ஒரு வரி எடை கூடியது. எண் வேண்டும் என்று கைடு கேட்டால், பயன்பாட்டு எளிமையை அளக்கும் எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) இருக்கிறது. 1986-ல் ஜான் புரூக் அமைத்த பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். ஒற்றைப்படை வாக்கியங்களில் மதிப்பெண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-லிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். பொதுவாக 68 சராசரியாகக் கொள்ளப்படுகிறது. வரும் எண் சதவீதம் அல்ல, அப்படி எழுதாதீர்கள்.

இனி இந்தக் கருவியால் ஆகாத காரியம். 'நினைவூட்டல்' என்று தலைப்பிலேயே போட்டுவிட்டு, டைமர் ஓட்டும் க்ளாக் கம்போனென்டை நம்பி இறங்குவார்கள். ஆப் திரையில் இல்லாதபோதும் டைமர் ஓட ஒரு டிக் உண்டு, அது இருந்தால் டெமோவில் அழகாக ஒலிக்கும். ஆனால் ஆப்பை ஸ்வைப் செய்து தள்ளிவிட்டாலோ, பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போனே அதை நிறுத்திவிட்டாலோ டைமரும் சேர்ந்து போகும். இரவு 9 மணி மாத்திரைக்கு எதுவும் ஒலிக்காது. பின்னணியில் இயங்கும் சேவை ஆப் இன்வென்டரில் இயல்பாக இல்லை. வெளியார் எழுதிய எக்ஸ்டென்ஷன்களைத் தேடிப் போக வேண்டும், அவை எல்லா போனிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்ப முடியாது. இதை ஜீரோத் ரிவ்யூவிலேயே சோதித்துவிட்டு, தலைப்பை 'மாத்திரைக் கணக்கு' என்று மாற்றுவது கௌரவமான முடிவு. திறந்ததும் இன்று போட வேண்டியவை, போட்டாயிற்றா, இன்னும் எத்தனை மிச்சம். அலாரம் போனின் சொந்தக் கடிகார ஆப்பில் இருக்கட்டும். அலாரம்தான் முக்கியம் என்று அணி உறுதியாக இருந்தால் ஆப் இன்வென்டர் வேண்டாம், கோட் எழுதி ஆப் செய்யும் ஃபிளட்டரோ கோட்லினோ படியுங்கள், அதற்கான வாரங்களையும் ஒதுக்குங்கள்.

'முதலில் போனுக்குள்ளேயே சேமிப்போம், கடைசியில் ஒரே நாளில் கிளவுடுக்கு மாற்றிவிடலாம்' என்பது எல்லாத் திட்டத்திலும் தவறாமல் இருக்கும் வரி. அந்த ஒரு நாள் ஒரு வாரமாகும். டைனிடிபியில் கேட்ட இடத்திலேயே மதிப்பு கைக்கு வரும். நெட் வழியாகச் சர்வரில் சேமிக்கும் கிளவுட்டிபியில் கேட்பது ஒரு பிளாக், பதில் வந்து சேர்வது 'காட் வேல்யூ' என்ற வேறொரு நிகழ்வில். எனவே மதிப்பை வாங்கும் ஒவ்வொரு இடத்தையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டும். நெட் இல்லாதபோது திரை வெறுமையாக நிற்கும், அதற்கு ஒரு செய்தி வேண்டும். மகனும் அம்மாவும் இரண்டு போனிலிருந்து ஒரே நேரத்தில் சேர்த்தால் ஒருவருடையது அழியும். அதைத் தவிர்க்க, முழுப் பட்டியலை வாங்கித் திருத்தித் திருப்பி எழுதாமல், 'அப்பெண்ட் வேல்யூ டு லிஸ்ட்' பிளாக்கைப் பயன்படுத்த வேண்டும். கூடவே, இயல்பாகக் கிடைக்கும் சர்வர் எம்ஐடி எல்லாருக்கும் பொதுவாகத் தருவது. உண்மையான நோயாளிகளின் விவரங்களை அங்கே ஏற்றாதீர்கள். கிளவுட் தேவை என்றால் முதல் நாளே கிளவுட், இல்லையென்றால் கடைசிவரை வேண்டாம்.

நாலு பேர் அணிக்கு இது சங்கடமான கருவி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே ப்ராஜெக்டில் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழியில்லை. ப்ராஜெக்ட் முழுவதையும் ஏஐஏ என்ற கோப்பாக இறக்கி ஒருவருக்கொருவர் அனுப்பலாம், இரண்டு ப்ராஜெக்டை இணைக்கத் தனிக் கருவியும் உண்டு, ஆனால் அது ஸ்கிரீன் ஸ்கிரீனாகத்தான் இணைக்கும். பிளாக் வேலை ஒருவரிடம், திரை வடிவமும் தமிழ் வாசகங்களும் இன்னொருவரிடம், சோதனை மூன்றாமவரிடம், ரிப்போர்ட் நான்காமவரிடம் என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கடைசி ஏபிகே யார் கணக்கிலிருந்து வரும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். ஏபிகேயில் கையொப்பமிடும் கீஸ்டோர் (சாவிக் கோப்பு) ஒவ்வொரு கணக்குக்கும் வேறு. ஒருவர் கணக்கில் எடுத்த ஏபிகேயின் மேல் இன்னொருவர் கணக்கில் எடுத்ததைப் போட்டால் ஏறாது. பழையதை அன்இன்ஸ்டால் செய்தால் அதிலிருந்த டைனிடிபி விவரம் முழுவதும் போய்விடும், இரண்டு வாரம் பயன்படுத்திய சோதனையாளரின் விவரம் உட்பட. கீஸ்டோரை எக்ஸ்போர்ட் செய்து பத்திரமாக வைக்க மெனுவிலேயே வசதி இருக்கிறது.

நேரக் கணக்குக்கு வருவோம். 1994-ல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான கணக்கும் போதவில்லை. ஆகவே 14 வார செமஸ்டரில் 14 வார வேலையைத் திட்டமிடாதீர்கள். 8 வாரத்துக்கு மட்டும் போடுங்கள். மூன்றாவது வார முடிவில், மாத்திரை சேர்த்தல் என்ற ஒரே ஒரு காரியம் செய்யும் ஏபிகே கையில் இருக்க வேண்டும். நாலாவது வாரத்தில் முதல் ஐந்து பேரிடம் சோதனை. கடைசி மூன்று வாரத்தில் புதிய வசதி எதுவும் கிடையாது, பிழை திருத்தமும் ரிப்போர்ட்டும் மட்டும். போட்ட வாரக் கணக்கைத் தாண்டினால் தேதியைத் தள்ளாமல் வசதியை வெட்டுங்கள். எதை முதலில் வெட்டுவது என்று முன்பே எழுதி வைத்திருந்தால் அன்று சண்டை வராது. லாகின் பக்கத்தை முதலில் வெட்டலாம். ஒரே வீட்டில் ஒருவர் பயன்படுத்தும் ஆப்புக்குப் பாஸ்வேர்டு எதற்கு?

பிளே ஸ்டோரில் ஏற்றினால்தான் மதிப்பு என்று நினைக்கும் அணிகள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். கணக்குத் தொடங்க ஒரு முறைக் கட்டணம் 25 டாலர். அது சின்ன விஷயம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்தும் சோதனையில்) சேர்ந்திருந்த பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை குறைந்தால் சிக்கல். 15, 16 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கூகுளின் பரிசீலனை. வைவாவுக்கு ஐந்தாறு வாரம் முன்பே ஆப் முடிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ஏற்ற வேண்டிய கோப்பு ஏபிகே அல்ல, பிளே ஸ்டோருக்கான ஏஏபி என்ற தொகுப்பு. பில்ட் மெனுவில் இரண்டும் இருக்கும். ஒவ்வொரு முறை புதிதாக ஏற்றும்போதும் வெர்ஷன் கோடை (ஆப்பின் பதிப்பு எண்ணை) ஒன்று கூட்ட வேண்டும், மறந்தால் ஏற்காது. இதெல்லாம் ப்ராஜெக்டின் மதிப்பெண்ணில் வராது என்றால், ஏபிகேயை நேரடியாகக் கொடுத்துவிட்டு அந்த ஐந்து வாரத்தையும் இரண்டாவது, மூன்றாவது சுற்றுச் சோதனைக்குச் செலவிடுங்கள். ஐபோனுக்கும் 2021 முதல் கம்பேனியன் இருக்கிறது என்றாலும், எல்லாக் கம்போனென்டும் அங்கே ஒரே மாதிரி நடப்பதில்லை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே 'ஆண்ட்ராய்டுக்கு மட்டும்' என்று எழுதிவிடுங்கள்.